எஞ்சின் ஓசை எழுவதற்கு முன் இரண்டு மணி நேரம்: உதகை ஏரிக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்: நீலகிரி மாவட்ட நிர்வாகத்தினர், உதகமண்டலம் நகராட்சி மன்றத்தினர், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உதகையின் காந்தல் பகுதியில் பிறந்து, இதே ஊரில் 34 ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். உதகை ஏரியை நாள்தோறும் காலை ஆறரை மணி முதல் எட்டரை மணி வரை மோட்டார் படகு எதுவும் ஓடாத நீர்ப்பரப்பாக அறிவிக்க வேண்டும் என்றும், அந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளூர் இளைஞர்களின் வழிகாட்டுதலோடு கயாக் எனும், இரு முனைத் துடுப்பால் தாமே செலுத்தும் சிறு படகில் ஏரியைச் சுற்றி இந்த ஊரின் வரலாற்றைக் கண்ணால் கண்டறியும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். இதற்கு முன்நிபந்தனையாக, கோடப்பமந்து கால்வாய் வழியே ஏரிக்குள் வந்து விழும் கழிவுநீரை நிறுத்த வேண்டும் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். இரண்டாவது நிறைவேறாமல் முதலாவது நிறைவேறினால் அதில் எனக்கு மகிழ்ச்சி இருக்காது.

இந்த எண்ணம் எனக்கு வந்தது உதகையில் அல்ல. என் மகன் வேலை நிமித்தமாக ஸ்லோவேனியா நாட்டின் தலைநகரான லூப்லியானாவில் வசிக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே சென்று வசந்த காலத்தை அவனோடு கழித்தேன். அறுபது வயதைக் கடந்தவனைக் கயாக்கில் ஏற்றுவார்களா என்று தயங்கி நின்றபோது, வழிகாட்டியாக வந்த பெண் ஒரு மிதவைச் சட்டையை என் கையில் கொடுத்து, இரு முனைத் துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று பத்து நிமிடம் கரையிலேயே பழக்கி, பிறகு ஆற்றில் இறக்கிவிட்டார். அந்த ஆற்றின் பெயர் லூப்லியானிட்சா. நகரின் நடுவே, இரு புறமும் உயர்ந்த கற்சுவர்களுக்கிடையே, அவசரமே இல்லாமல் நகரும் பச்சை நிற ஆறு.

நகருக்குத் தெற்கே குரூபர் கால்வாய் பிரியும் இடத்தில் தொடங்கினோம். நகரை வெள்ளத்திலிருந்து காப்பதற்காகவும் தெற்கேயுள்ள சதுப்பு நிலத்தை வடியச் செய்வதற்காகவும் 18-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கால்வாய் அது. அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே இறங்கினால், திர்னோவோ பகுதியில் கரை படிப்படியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. படிகளுக்கு மேலே வரிசையாக அழுகை வில்லோ மரங்கள் நிற்கின்றன. நம் ஊரில் பிறந்தவனுக்கு வில்லோ மரங்களைத் தண்ணீரோரம் பார்த்தால் நம் ஏரிக்கரைதான் நினைவுக்கு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. யோஷே பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர் இந்தக் கரைகளையும், சில பாலங்களையும், ஆற்றோரச் சந்தையையும், நகரைத் தாண்டியதும் வரும் மதகையும் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் வடிவமைத்தார். அவருடைய லூப்லியானாப் பணிகளை யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நகரின் மையத்திலுள்ள மும்மைப் பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது வழிகாட்டி துடுப்பை நிறுத்தச் சொன்னார். நடுவில் இருப்பது 1842-இல் கட்டிய கற்பாலம் என்றும், போக்குவரத்துப் பெருகியபோது அதை இடிக்காமல் 1929-க்கும் 1932-க்கும் இடையே நடந்து செல்வோருக்காக இரு புறமும் ஒவ்வொரு பாலம் சேர்த்தார்கள் என்றும் விளக்கினார். சாலையில் நடக்கும்போது அந்த மூன்றும் கைப்பிடிச் சுவர்களாக மட்டுமே தெரிகின்றன. அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் பழையது எது, சேர்த்தது எது என்று எனக்குப் புலப்பட்டது. சற்றுத் தொலைவில், நான்கு மூலைகளிலும் டிராகன் சிலைகளோடு 1901-இல் திறக்கப்பட்ட பாலம் வருகிறது. 1895-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமடைந்த மரப்பாலத்தின் இடத்தில் அதைக் கட்டினார்கள். நிலநடுக்கம், வெள்ளம், சதுப்பு, சந்தை என்று அந்த நகரத்துக்கு நேர்ந்தவை அனைத்தும் ஆற்றோரத்தில் அடுத்தடுத்து எழுதி வைத்தது போல் இருந்தன. நகரின் தோற்றக் கதையே படகில் வருவதுதான்: கிரேக்கப் புராணத்தின் ஜேசனும் அவன் தோழர்களும் இந்த ஆற்றில் எதிர்நீச்சலாகக் கப்பல் செலுத்தி வந்து, ஆறு பிறக்கும் இடத்தில் கப்பலைப் பிரித்துத் தோளில் சுமந்து கடலை நோக்கிப் போனார்களாம். கதையைத் தள்ளிவிட்டாலும் மண் சொல்வது குறைவில்லை. நகருக்குத் தெற்கேயுள்ள அந்தச் சதுப்பில் 2002-இல் அகழ்ந்தெடுத்த மரச்சக்கரம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது.

கயாக்கை விட்டு இறங்கி மகனின் வீட்டுக்கு நடந்தபோது என் மனத்தில் ஓடியது ஒரே கேள்வி. 34 ஆண்டுகள் புவியியல் கற்பித்த நான், என் மாணவர்களில் ஒருவரையாவது உதகை ஏரியின் நடுவே நிறுத்தி, ‘இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்று இங்கிருந்து பார்’ என்று சொன்னதுண்டா? இல்லை. கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

உதகையைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு முதன்முறையாக வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் இங்கே கல் பங்களா கட்டினார். 1823-க்கும் 1825-க்கும் இடையே பள்ளத்தாக்கின் ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1829-இல்தான். நகராட்சி அமைந்தது 1866-இல். மலை ரயில் உதகை வரை வந்து சேர்ந்தது 1908-இல். நகரம் என்று நாம் இன்று சொல்வதில் பெரும்பகுதிக்கு மூத்தது இந்த ஏரி. ஊர் அதன் கரையில்தான் வளர்ந்தது. இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கும், தொட்டபெட்டாப் பக்கத்திலிருந்து வெயில் இறங்கி வரும் வேளையில், நீராவி போலப் பனி எழும் தண்ணீரின் நடுவே உட்கார்ந்து, சுற்றிலும் உள்ள சரிவுகள் எல்லாம் தம் நீரைத் தன்னை நோக்கியே அனுப்புவதைக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஆசிரியனாக நான் அறிவேன்.

என் தந்தை மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் நின்று கையால் தடையை இயக்கும் அந்த வேலையை இம்மலையில் பிறந்தவர்கள் அறிவார்கள். குன்னூரிலிருந்து ஏறி வரும் வண்டி ஏரிக்கரையை ஒட்டித் திரும்பும்போது, “ஏரி தெரிஞ்சா வீடு வந்த மாதிரி” என்பார். அந்தத் தண்டவாளத்தையும் கரையோரக் கற்பூர மரங்களையும் நான் ரயிலுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன், சாலையிலிருந்தும் பார்த்திருக்கிறேன். ஏரியிலிருந்து ரயில் எப்படித் தெரியும் என்பதை அறுபது வயதுக்குப் பிறகுதான் பார்த்தேன்.

ஊர் திரும்பிய பின், ஒரு டிசம்பர் காலையில் படகு இல்லத்தில் முதல் துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்தேன். துடுப்பு வலித்தவர் என் பழைய மாணவர். கிழக்குக் கோடிக்குப் போகலாம் என்றேன். “அந்தப் பக்கம் வேண்டாம் சார், வாடை தாங்காது” என்றார். ஆனாலும் போனோம். அங்கேதான் இந்த மடலின் பாதி பிறந்தது.

ஏரி முதலில் இருந்த அளவில் இன்று இல்லை. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடங்கள் ஒரு காலத்தில் ஏரியின் உடலாக இருந்தவை. கிழக்குக் கோடியில் படகை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இது தெள்ளத் தெளிவாகத் தெரிகிறது: தண்ணீர் முடிந்த இடத்துக்கு அப்பாலும் நிலம் தட்டையாகவே போகிறது. மலை ஊரில் இவ்வளவு தட்டையான நிலம் எங்கிருந்து வந்தது என்று ஒரு குழந்தை கேட்டால், அது ஏரியின் பழைய படுகை என்பதே விடை. 2024-ஆம் ஆண்டு பந்தய மைதானத்தின் நிலத்தை அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. அங்கே எது அமைந்தாலும், அதில் ஒரு பகுதியையாவது மழைநீர் தங்கி வண்டல் படிந்து, தெளிந்த பின் ஏரிக்குள் செல்லும் ஈரநிலமாக விட வேண்டுமென்று இவ்விடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன். கான்கிரீட் நடைபாதைகளைவிட ஏரிக்கு அதுவே பெரிய உதவி. ஏரி இழந்ததில் ஒரு சிறு துண்டாவது அதற்குத் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது கோடப்பமந்து கால்வாய். அதன் பெயரிலேயே ஒரு மந்து இருக்கிறது. இம்மலையின் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும் சொல். ஒரு காலத்தில் எருமைகள் இறங்கித் தண்ணீர் குடித்திருக்கக் கூடிய ஓடை, நகரின் நெரிசலான பகுதிகளைக் கடந்து வரும்போது வீட்டுக் கழிவையும் விடுதிக் கழிவையும் நெகிழியையும் சுமந்துகொண்டு ஏரியில் நுழைகிறது. ஆகாயத்தாமரை படர்வதும், அதை அள்ளுவதும், மறுபடி படர்வதும் நாம் கண்டு பழகிவிட்ட காட்சி. தூர்வாருவதற்கு அவ்வப்போது நிதி ஒதுக்கப்படுகிறது, அது தேவைதான். ஆனால் வாயிலில் கழிவு விழுந்துகொண்டிருக்கும்வரை அடியில் சேற்றை அள்ளுவது, கூரையில் ஒழுக்கு இருக்கும்போது தரையைத் துடைப்பதைப் போன்றது. பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் கால்வாய் நீரைச் சோதித்து எழுதிய அறிக்கையைத் தொடர்புடைய ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை மட்டும் இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒரு பதிலையாவது எதிர்பார்த்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

இதை ஏன் கயாக்கோடு சேர்த்து எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். மோட்டார் படகில் அமர்ந்திருப்பவருக்குத் தண்ணீர் தொலைவில் இருக்கிறது. கயாக்கில் உட்காருபவரின் இடுப்பு நீர்மட்டத்தில் இருக்கிறது. துடுப்பிலிருந்து சொட்டும் நீர் மடியில் விழுகிறது, முகத்திலும் தெறிக்கிறது. எனவே கயாக் விடுவதற்கு முன் நீரின் தரத்தை உறுதி செய்தே தீர வேண்டும். குளிப்பதற்குரிய நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் கிருமிகளின் எண்ணிக்கை 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், உச்ச வரம்பு 2500 என்றும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ளது. இந்த எண்ணை வாரம் ஒருமுறை சோதித்து, படகு இல்லத்தின் வாயிலில் கட்டணப் பலகைக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதி வையுங்கள். வரம்பை மீறும் வாரத்தில் கயாக் இறங்கக் கூடாது. இந்த ஏரியிலிருந்து வழியும் நீர் காமராஜர் சாகர் நீர்த்தேக்கத்துக்குச் சென்று, மோயாற்றின் பக்கம் இறங்கி, பவானியில் சேர்கிறது. ஆகவே அந்தப் பலகையில் எழுதப்படும் எண், ஏரிக்கு வரும் பயணிகளுக்கு மட்டும் உரியதாக இருக்காது. கீழே சமவெளியில் அந்த நீரை நம்பி வாழ்பவர்களுக்கும் உரியதாக இருக்கும்.

மிதி படகும் துடுப்புப் படகும் இருக்கையில் கயாக் எதற்கு என்ற கேள்விக்கும் விடை உண்டு. துடுப்புப் படகில் வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்கிறார். கயாக்கில் போகும் திசையைப் பார்த்தே அமர்கிறோம். கயாக்குக்குச் சில அங்குல ஆழம் போதும். வண்டல் மேடிட்ட ஓரங்களிலும் நுழையும். ஓசை இல்லை, புகை இல்லை, கரையை அரிக்கும் அலை இல்லை. முக்குளிப்பான் ஒன்று பத்தடி தொலைவில் மூழ்கி எழுவதைப் பார்க்க வேண்டுமானால் இதைவிட நல்ல ஊர்தி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தானே துடுப்புப் போட்டுச் சென்று அடைந்த இடத்தை மனிதன் மறப்பதில்லை. லூப்லியானாவில் நான் எத்தனையோ தெருக்களில் நடந்தேன். இன்று அவற்றின் பெயர்கள் நினைவில் இல்லை. ஆற்றின் ஒவ்வொரு வளைவும் நினைவில் இருக்கிறது.

ஆபத்துகளையும் மறைக்க விரும்பவில்லை. இது கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கும் மேலே உள்ள ஏரி. தண்ணீர் எந்தக் காலத்திலும் குளிர்ந்தது. கவிழ்ந்தவர் நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் குளிரில் கை கால் விறைத்துப்போகும். மிதவைச் சட்டை அணியாமல் ஒருவரையும் இறக்கக் கூடாது. ஆறு கயாக்குகளுக்கு ஒரு வழிகாட்டியும், எப்போதும் தயாராக ஒரு மீட்புப் படகும் இருக்க வேண்டும். அந்த மீட்புப் படகு ஒன்றுக்கு மட்டும் எஞ்சின் இருக்கட்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்றைப் பார்த்து நிறுத்திவிடலாம். உறைபனி விழும் நாட்களில் ஒரு மணி நேரம் தாமதித்துத் தொடங்கலாம். எளிதில் கவிழாத, மேல்பக்கம் திறந்த வகைக் கயாக்குகளையே வாங்க வேண்டும். கோடை விழாவின் படகுப் போட்டியை நடத்திப் பழகிய படகு இல்லத்துக்கு இவை புதிய வேலைகள் அல்ல.

வழிகாட்டிகள் யார் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இன்று துடுப்பு வலிக்கும் படகோட்டிகளும், காந்தலிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள இளைஞர்களும், பெண்களும்தான் முதலில் பயிற்சி பெற வேண்டும். படகோட்டிகளின் வருமானத்தைக் குறைக்கும் திட்டமாக இது ஒருபோதும் ஆகிவிடக் கூடாது. இப்போது அவர்களுக்கு வேலை தொடங்காத விடியற்காலையை நான் கேட்பதன் காரணம் அதுவே. அவர்கள் சொல்லப்போகும் வரலாறும் சல்லிவனில் தொடங்கக் கூடாது. ஏரிக்கு முன் இங்கே புல்வெளியும் சோலையும் ஓடையும் இருந்தன, எருமைகள் மேய்ந்தன, அந்த நிலத்துக்குத் தோடர்கள் வைத்த பெயர்கள் இருந்தன. ஏரியின் வரைபடத்தைத் தயாரிக்கும்போது அந்தப் பெயர்களைத் தோடர் முதியவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்ல விரும்புவதை மட்டும், அவர்கள் சொல்லும் விதத்திலேயே பதிய வேண்டும். இம்மலையின் படுகர் சமூகத்தினரும், தோட்டங்களிலும் ரயில்வேயிலும் உழைக்க மலையேறி வந்த குடும்பங்களும் இந்த வரலாற்றில் இடம்பெற வேண்டும். கவர்னர்களின் பங்களாக்களை மட்டும் சுட்டிக் காட்டும் சுற்றுலாவை நம் பிள்ளைகள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

இரண்டு மணி நேரம் மோட்டார் படகை நிறுத்தினால் வருமானம் குறையுமே என்ற கவலை நியாயமானது. அதிகாலையில் மோட்டார் படகுக்குக் கூட்டம் இராது என்பதே என் முதல் பதில். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் இம்மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை இருக்கிறது. 2025-இல் வார நாட்களுக்கு 6000, வார இறுதிக்கு 8000 என்று வரம்பும் வந்தது. வாகன எண்ணிக்கையைப் பெருக்கி வருமானம் காணும் வழி இனி நமக்கு இல்லை. ஒரே நாளில் பூங்கா, தொட்டபெட்டா, படகு, வறுக்கி என்று ஓடிவிட்டு இரவே இறங்கிவிடும் பயணியைவிட, காலை ஆறரை மணிக்கு ஏரியில் இருப்பதற்காகவே முந்தைய இரவு ஊரில் தங்கும் பயணி இங்குள்ள கடைக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் கூடுதலாகத் தருவார். இருந்தாலும், வருமானத்தைப் பற்றி எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. உள்ளூர் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு காலை கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும் என்பதையே நான் இதில் முதன்மையாகக் கருதுகிறேன். ஏரிக்கரையிலேயே வளர்ந்து, அதில் ஒருமுறைகூடப் படகேறாத பிள்ளைகள் என் வகுப்பில் ஆண்டுதோறும் இருந்தார்கள்.

முழுத் திட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் அக்டோபரில் மழை சற்று ஓய்ந்த ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, பத்துக் கயாக்குகளோடு, ஏழு காலைப் பொழுதுகளுக்கு மட்டும் சோதித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய வாரமே நீரின் தரத்தைச் சோதித்து முடிவை வெளியிடுங்கள். முடிவு மோசமாக வந்தால் கயாக்குகள் கரையிலேயே இருக்கட்டும்; அந்த எண்ணோடு கோடப்பமந்து கால்வாயின் கரையில் அதிகாரிகளும் நகர்மன்ற உறுப்பினர்களும் பொதுமக்களும் சேர்ந்து நடந்து, எந்தெந்தக் குழாய் அதில் திறக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறிப்போம். அந்த நடைக்கு நானும் என் பழைய மாணவர்களும் வருகிறோம்.

ஏரியின் பழைய எல்லை, இன்றைய எல்லை, ரயில் பாதை, கால்வாய் வந்து சேரும் இடம், கயாக் நின்று கதை சொல்லத் தக்க ஒன்பது இடங்கள் ஆகியவற்றைக் குறித்துக் கையால் வரைந்த வரைபடம் ஒன்றை இம்மடலுடன் மூன்று அலுவலகங்களுக்கும் நேரில் தருகிறேன். வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தொடங்கினால், புவியியல் பகுதியைச் சனிக்கிழமைதோறும் ஊதியமின்றி நடத்த ஆயத்தமாக இருக்கிறேன். இம்முறை முத்திரையோடு ஒரு பதிலும் வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
காந்தல், உதகமண்டலம்.